உளவியல் படிக்கலாமா?



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் கல்லூரி ஆசிரியர்களின் வீடுகளுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "அடுத்து என்ன படிக்கலாம் சார்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இயற்பியல் ஆசிரியனான நானும் பல ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை சொல்லி வருகிறேன். சொன்னவற்றுள் பல சரியாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தவறு. அந்தத் தவற்றை உங்களிடம் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் வந்தாள். நல்ல மதிப்பெண் பெற்றவள். கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டிக்காரி. "மாமா, பி.எஸ்சி. சைக்காலஜி சேரலாம்னு இருக்கேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு அது எதுக்கும்மா? வேற எதுவும் கிடைக்காதவங்க எடுக்கிற படிப்பு அது. மனசை எந்தத் தராசுல வச்சு நிறுப்பே? அளக்க முடியாதது அறிவியலே இல்லை" என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். பக்கத்தில் நின்ற தங்கையும் தலையை ஆட்டினாள். பெண் எதிர்த்துப் பேசவில்லை. "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய் உளவியலிலேயே சேர்ந்துவிட்டாள்!

இரண்டாம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் வந்தபோது கையில் இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்தாள். முதல் அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஐம்பது வண்ணப் பட்டைகள். அவற்றின் நிறங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். 32 நொடிகளில் சொல்லி முடித்தேன். இரண்டாவது அட்டையில் பட்டைகளுக்குப் பதிலாகச் சொற்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையிலும், 'நீலம்' என்ற சொல் மஞ்சள் மையிலும், இப்படியே ஐம்பதும் மாற்றி எழுதப்பட்டிருந்தன. "எழுத்தைப் படிக்காதீங்க மாமா. மையோட நிறத்தை மட்டும் சொல்லுங்க" என்றாள். இதென்ன பெரிய காரியம் என்று தொடங்கினேன். நான்காவது சொல்லிலேயே நாக்குக் குழறியது. பச்சை மையைப் பார்க்கிறேன். வாய் 'சிவப்பு' என்கிறது. வியர்த்து விறுவிறுத்து முடித்தபோது 57 நொடிகள் ஆகியிருந்தன.

"அளக்க முடியாதுன்னு சொன்னீங்களே மாமா. இதோ, இருபத்தஞ்சு செகண்ட்" என்றாள்.

இச்சோதனையை அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்டார். இது காட்டுவது என்ன? நன்றாகப் படிக்கப் பழகிய ஒருவரால் கண்முன் இருக்கும் சொல்லைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. படிப்பு நம் விருப்பத்தைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. அந்தப் படிப்பை அடக்கிவிட்டு நிறத்தைச் சொல்ல மூளை பட்ட பாடுதான் அந்த 25 நொடிகள். நிறங்கள் தெரிந்த, எழுத்துகள் தெரியாத ஒரு குழந்தைக்கு இந்தத் தொல்லையே இல்லை. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. அட்டையில் தெலுங்கு எழுத்துகள் இருந்திருந்தால் நானும் தப்பியிருப்பேன்.

அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. தோற்றது ஒரு காரணம். என் பாடத்தின் வரலாற்றையே நான் மறந்துவிட்டிருந்தேன் என்பது பெரிய காரணம். மனத்தை அளக்கும் முயற்சி தொடங்கியதே எங்களைப் போன்றவர்களின் வீட்டில்தான்!

இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளர் இருந்தார். தொலைநோக்கியின் நடுக்கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. கடிகாரத்தின் 'டிக்' ஒலியைக் காதால் கேட்டு, விண்மீனின் இடத்தைக் கண்ணால் பார்த்து, நொடியில் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட வேண்டும். தலைமை வானியலர் மாஸ்கலின் குறித்த நேரத்தைவிட கின்னபுரூக் குறித்த நேரம் 0.8 நொடி பிந்தியே வந்தது. எச்சரித்தும் சரியாகவில்லை. 1796-இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார் மாஸ்கலின். 0.8 நொடி அவ்வளவு பெரிதா என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் பூமி தன் நடுக்கோட்டில் சுமார் 370 மீட்டர் சுழன்றுவிடும். கடலில் செல்லும் கப்பல் தன் இடத்தை விண்மீன்களைக் கொண்டு கணக்கிட்ட காலம் அது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து இந்தச் செய்தி ஜெர்மானிய வானியலர் பெசலின் கண்ணில் பட்டது. கின்னபுரூக் சோம்பேறி என்று அவர் எண்ணவில்லை. தம்மையும் வேறு சில தேர்ந்த வானியலர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எவர் இருவரும் ஒத்துப்போகவில்லை! சிலரிடையே வேறுபாடு ஒரு நொடியையும் தாண்டியது. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய ஒரு நேர வேறுபாடு உண்டு என்பது தெளிவாயிற்று. கின்னபுரூக்கின் மேல் குற்றமே இல்லை. ஆனால் அவருக்கு இது பயன்படவில்லை. பெசல் கணக்குப் போட்டபோது அவர் உயிரோடு இல்லை.

மற்றவர்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றல் அழிவின்மை விதியில் நீங்கள் சந்திக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் செய்தி பாயும் வேகத்தை அளந்தார். அதை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரே கருதியிருந்தார். அளந்தபோது கிடைத்தது நொடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லைப்சிக் நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஃபெக்னர், கண்ணில் தங்கும் பின்பிம்பங்களை ஆராய்வதற்காகச் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பதவியையே விட்டார். (நீங்கள் ஒருபோதும் சூரியனை நேரே பார்க்காதீர்கள்.) பின்னர் 1860-இல், வெளியுலகத் தூண்டலுக்கும் உள்ளுணர்வுக்கும் உள்ள கணித உறவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதற்கு அடிப்படை, வேபர் கண்ட ஓர் எளிய உண்மை. ஐந்து கிலோ அரிசிப் பையில் 50 கிராம் கூடினால் கை அறியாது. நூறு கிராம் கடுகுப் பொட்டலத்தில் அதே 50 கிராம் கூடினால் உடனே அறியும். கை உணர்வது எடையின் கூடுதலை அன்று, விகிதத்தை. 1879-இல் அதே லைப்சிக்கில் வுண்ட் உளவியலுக்கென்றே ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இலும், மைசூரில் 1924-இலும் உளவியல் துறைகள் தோன்றின.

இப்போது உங்கள் கைக்கு ஒரு சோதனை தருகிறேன். ஒரு 30 செ.மீ. அளவுகோல் போதும். நண்பனை அதை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே சுழிக் குறிக்கு நேரே உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்றால் உங்கள் எதிர்வினை நேரம் 0.20 நொடி. 15 செ.மீ. என்றால் 0.175 நொடி. தூரத்தை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள், அவ்வளவுதான். செங்குத்தாக விழும் பொருளின் சமன்பாடு பத்தாம் வகுப்பு மாணவனுக்குக்கூட எட்டக்கூடியது.

இதை இருபது முறை செய்து எண்களை எழுதுங்கள். இருபதும் ஒன்றாக இரா. இந்த இடத்தில்தான் என் ஆய்வுக்கூடமும் என் தங்கை மகளின் ஆய்வுக்கூடமும் பிரிகின்றன. என் மாணவன் ஊசலின் அலைவு நேரத்தை இருபது முறை அளந்து இருபது விடை பெற்றால், நான் அதைப் பிழை என்பேன். சராசரி எடுத்துவிட்டு வேறுபாட்டை ஒதுக்கிவிடுவோம். உளவியல் மாணவி அந்த வேறுபாட்டையே பிடித்துக்கொள்கிறாள். ஏன் பதினோராவது முறை திடீரென்று நேரம் கூடியது? சலிப்பா? தெருவில் ஹாரன் ஒலித்ததா? இரவு கண்விழித்தவனுக்கும் நன்றாக உறங்கியவனுக்கும் என்ன வேறுபாடு? கைப்பேசியில் பேசிக்கொண்டே பிடித்தால்? ஊசல் நேற்று இரவு தூங்கியதா என்று நான் கேட்க வேண்டியதில்லை. அவள் கேட்டே ஆகவேண்டும். எந்தப் பாடம் கடினம் என்று இப்போது சொல்லுங்கள்!

விளையாட்டாகச் சொல்லவில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு, ஆபத்தென்று உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் போகும் நேரம் எவ்வளவு, அதை எது நீட்டுகிறது என்பது உயிர் போகும் கேள்வி. பிரேக்கின் உராய்வை நான் கற்பிக்கிறேன். பிரேக்கைத் தொடுவதற்கு முந்தைய நேரம் என் பாடத்தில் இல்லை.

சரி, உளவியலில் சேர விரும்பும் மாணவர்களிடம் காரணம் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "மற்றவர் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கலாம் சார்" என்கிறார்கள் பலர். அதற்காகச் சேராதீர்கள். மூன்றாண்டு முடிவில் பெரும் ஏமாற்றமே மிஞ்சும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை விளக்கும் தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. அதிலிருந்த வாக்கியங்களைச் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தார் என்றும். 'வெளியே தைரியமாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலை உண்டு' என்று சொன்னால் யார்தான் மறுப்பார்? கோயில் வாசலில் கிளி எடுக்கும் சீட்டும் இப்படித்தான் பலிக்கிறது. ஆக, மனத்தைப் படித்துவிட்டதாக எண்ணுபவன் எப்படி ஏமாறுகிறான் என்பதைத்தான் உளவியல் முதலில் கற்றுத்தருகிறது.

முதலாண்டுப் பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு, உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு 'உனக்கு அந்த நோய், உனக்கு இந்தக் கோளாறு' என்று பெயர் சூட்டும் சிலரையும் பார்த்திருக்கிறேன். வேதியியல் மாணவன் முதல் மாதமே மருந்து தயாரித்து விற்பதற்கு ஒப்பானது அது.

புள்ளியியலும் உண்டு, நிறையவே உண்டு. கணக்குக்குப் பயந்து இங்கே ஒளியலாம் என்று வருபவர்கள் இரண்டாம் பருவத்திலேயே பிடிபடுவார்கள். ஏன் அவ்வளவு புள்ளியியல்? 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பல நாட்டு உளவியலாளர்கள் கூடி, தங்கள் துறையின் பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவற்றுள் 97 ஆய்வுகள், தாம் கண்ட விளைவு தற்செயலானதன்று என்று முதலில் அறிவித்திருந்தவை. திரும்பச் செய்தபோது ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் அவ்வாறு கிடைத்தது. இதைப் படித்ததும் என் பழைய ஏளனம் சற்றே தலைதூக்கியது. தொலைபேசியில் மருமகளைச் சீண்டினேன். "முதல் வருஷமே இதைச் சொல்லித்தான் மாமா எங்களுக்கு ஆரம்பிச்சாங்க. சின்னக் கூட்டத்தை வச்சுப் பெரிய முடிவு சொல்லாதேன்னு" என்றாள். தன் வீட்டுக் குப்பையைத் தானே தெருவிலே கொட்டிக் கணக்கெடுத்த துறை அது. என் துறை உட்பட எத்தனை துறைகள் இதைச் செய்யும் என்று யோசித்தேன். மேற்கொண்டு சீண்டவில்லை.

நம் மாணவர்கள் இத்துறைக்கு வரவேண்டும் என்று நான் இப்போது வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாடநூலில் 'மனிதர்கள் இப்படிச் செய்கிறார்கள்' என்று எழுதியிருக்கும்போது, எந்த மனிதர்கள் என்று கேட்க வேண்டும். முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளை அலசியபோது, சோதனைக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள் தொகையில் 12 விழுக்காடே உள்ள மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. 2010-இல் இதை எடுத்துச் சொன்னார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அம்பு முனைகள் உள்நோக்கிய கோடும் வெளிநோக்கிய கோடும் சம நீளமாக இருந்தும் ஒன்று நீண்டு தோன்றும் கண்மாயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுகூட எல்லா மக்களையும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை என்று 1966-இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணே இப்படியென்றால் துக்கம், வெட்கம், தேர்வுப் பயம் ஆகியவற்றின் கதை என்ன? கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த தேனிப் பெண்ணின் தேர்வுப் பயத்தை அமெரிக்கக் கல்லூரி மாணவனுக்காக எழுதிய வினாத்தாளைத் தமிழில் பெயர்த்து அளந்துவிட முடியுமா? அவள் பேசும் தமிழ் அறிந்தவர்கள்தான் அந்த அளவுகோலைச் செய்யவேண்டும்.

இனி, வீட்டிலே பெரியவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு வருவோம். வேலை கிடைக்குமா? ஒளிக்காமல் சொல்கிறேன். இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை, அதன்மேல் மருத்துவமனையோடு இணைந்த ஈராண்டுத் தொழிற்பயிற்சி, பிறகு இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த வழி. மொத்தம் ஏழாண்டு. அண்மையில் இவ்விதிகள் மாறி வருகின்றன. ஆகவே சேருமுன் அக்கழகத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். உளவியலை அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-இல் தடை விதித்தது. மனநல மருத்துவர் ஆவதோ வேறு பாதை, அதற்கு எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் மனநல மருத்துவம் பயில வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவத்தைவிட்டு வெளியே, பள்ளி ஆலோசகர், நிறுவனங்களில் பணியாளர் தேர்வு, கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பணி, சந்தை ஆய்வு என்று வழிகள் உண்டு. அவற்றுள்ளும் நல்ல இடங்களுக்குப் பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள்.

"ஏழு வருஷமாண்ணா?" என்று என் தங்கை கேட்டது நினைவிருக்கிறது. அவள் கவலை நியாயமானது. பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்களுக்கும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கும் ஏழாண்டு பெரிய காலம். வீட்டுநிலை இடங்கொடாத மாணவர்கள் இதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். 'உன் ஆர்வத்தைப் பின்பற்று, எல்லாம் தானே நடக்கும்' என்று என்னால் சொல்ல முடியாது. என் தங்கை வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போன பிறகே முதுநிலை முடிந்தது. அந்தப் பெண் இப்போது தொழிற்பயிற்சியில் இருக்கிறாள். காலையில் புறநோயாளிகள் பிரிவில் வரிசையில் நிற்பவர்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். இரவில் எண்களோடு மல்லாடுகிறாள்.

சேர விரும்பும் உங்களுக்கு அவள் சொல்லி அனுப்பிய யோசனை ஒன்று. விண்ணப்பம் வாங்கப் போகும் நாளில், "உளவியல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி, எதிர்வினை நேரம் அளக்கும் கருவி, சென்ற ஆண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு இவையெல்லாம் அங்கே இருக்க வேண்டும். நோட்டை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். எல்லா மாணவர்களின் நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தாலோ, ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தாலோ, அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.